மஞ்சள் எழுத்துக்குச் சந்தா

எங்கள் சபையில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன வேதக்கோயில்தான். ஆனால் வாசலில் செருப்பு வைக்கும் இரும்புத் தட்டிலிருந்து பலிபீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மைக் கம்பி வரை எதைப் பார்த்தாலும் அதைக் கொடுத்தவர் யார் என்று எழுதியிருக்கும். மின்விசிறிகளில் இறக்கைக்கு ஒரு சொல்லாகப் பெயர் இருக்கிறது. சுற்றும்போது படிக்க முடியாது என்பதால், கொடுத்த குடும்பத்தார் வெளியூரிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் விசிறியைச் சற்று நேரம் நிறுத்தி வைப்பது எங்கள் மரியாதை. அன்றைக்கு எல்லாரும் வேர்த்து வழிந்துகொண்டு நன்றியோடு மேலே பார்ப்போம்.

பாட்டு வரிகளைச் சுவரில் காட்டும் புரொஜெக்டரும் மடிக்கணினியும் அதற்கான மென்பொருளும் அப்படி வந்தவைதான். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டுமனை விற்று, அடுக்குமாடி கட்டும் அண்ணன் ஒருவர் தன் அப்பாவின் நினைவாக வாங்கிக் கொடுத்தார். மடிக்கணினியின் முதுகில் பித்தளைத் தகடு. அதை மூடுவதற்கு இரண்டு கை வேண்டும்.

அதை இயக்கும் வேலை என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக் முடித்து, மறைமலை நகரில் கார் உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இவ்வளவு தகுதி உள்ள ஒருவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அம்புக்குறி விசையை அமுக்கினால் போதும் என்று கமிட்டி தீர்மானித்தது. ஒரு தடவை அமுக்கினால் ஒரு சொல் மஞ்சளாகும். சபை அதைப் பாடும். மறுபடி அமுக்கினால் அடுத்த சொல். சுருங்கச் சொன்னால் நூறு பேரின் வாய் என் ஆள்காட்டி விரலில் இருந்தது. தொழிற்சாலையில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதால் எனக்கு இது பிடித்திருந்தது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, கீர்த்தனை எல்லாம் மனப்பாடம். திரை வருவதற்கு முன்பு எல்லாரையும் போல அவளும் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பாள். பக்கத்தில் இருப்பவர் பக்கம் திருப்பினால் அவளும் திருப்புவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது சபையில் ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், படித்தவன் என்ற பொறுப்பில் நான் அரிச்சுவடி வாங்கிக்கொண்டு போனேன். "எனக்கு இன்னா வயசு, இப்ப போயி சிலேட்டப் புடிக்க?" என்றாள். அரிச்சுவடி அரிசி டின்னுக்கு மூடியானது.

திரை வந்த சில மாதங்களில், ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"டேய், அந்தக் கிருபைல மொத எழுத்துக்குக் கொக்கி மேல போவுது. ரெண்டாவதுக்கு வாலு கீழ எறங்குது. ஏன் அப்டி?"

அது ஏன் என்று பாலிடெக்னிக்கில் சொல்லித்தரவில்லை. ஆனால் விஷயம் புரிந்தது. பாட்டு வாயில் இருக்கிறது. எந்தச் சொல் மஞ்சளாகிறதோ அதுதான் வாயில் இருக்கும் சொல் என்று அவளுக்குத் தெரிகிறது. யாரிடமும் கேட்காமல், சிலேட்டுப் பிடிக்காமல், ஞாயிறு ஞாயிறாக எழுத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ ரொம்ப ஓட்றடா. பாத்து முடிக்கறதுக்குள்ள அடுத்ததுக்குப் பூடுது" என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து மெதுவாக அமுக்கினேன். ஆராதனை நீண்டது. கோயிலுக்குப் பின்னால் இருந்த பிரியாணிக் கடையில் எங்கள் சபையார் போய்ச் சேரும்போது சிக்கன் தீர்ந்துவிடுகிறது என்று புகார் வந்தது. பாடகர் குழுவில் கிடார் வாசிக்கும் கல்லூரிப் பையன், "பிரதர், கல்யாணப் பாட்டக்கூட அடக்க ஆராதனை மாதிரி இழுக்கறீங்க" என்றான். பக்தி கூடுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் ஒரு சந்தேகம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். அவள் படிக்கிறாளா, நினைவிலிருந்து பாடுகிறாளா? தினத்தாளின் தலைப்பை ஒரு நாள் சாதாரணமாக நீட்டினேன். "கண்ணாடி எடுத்தாரலடா" என்றாள். அவளிடம் கண்ணாடியே கிடையாது. அதற்கு மேல் சோதிக்கத் தைரியம் வரவில்லை. இன்னும் ஒரு வருடம் இப்படியே மஞ்சள் ஓடினால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மென்பொருள் நிறுவனம் மஞ்சளை எடுத்துக்கொண்டது.

ஒரு ஞாயிறு காலை கணினியைத் திறந்தால், பழைய பதிப்புக்கான ஆதரவு முடிந்தது என்று அறிவிப்பு. வரிகள் வரும், வெள்ளையாக, சரணம் மொத்தமும் ஒரே நேரத்தில். சொல் சொல்லாக நிறம் மாற வேண்டுமானால் புதிய பதிப்புக்கு மாற வேண்டும், வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். அன்றைக்கு வேறு வழியில்லாமல் வெள்ளை எழுத்தை ஓடவிட்டேன். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அம்மா திரையைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு மனப்பாடமாகப் பாடினாள்.

ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியது. பெண்கள் ஐக்கியத்தில் அன்று டீ கொடுக்கும் முறை அம்மாவுக்கு. நான் அறிவிப்பை வாசித்துக் காட்டினேன்.

"நான் வாங்கிக் குடுத்தாச்சு தம்பி" என்றார் வீட்டுமனை அண்ணன். "என்கிட்ட பிளாட் வாங்கினவன்கிட்ட நாலு வருஷம் கழிச்சுப் போயி, உன் வாசக்கதவு பழைய மாடல், இனிமே பணம் கட்டினாத்தான் தொறக்கும்னு சொன்னா சும்மா வுடுவானா?"

"மெயின்டனன்ஸ்னு மாசாமாசம் வாங்கறீங்களே அண்ணே" என்றார் பொருளாளர். அவர் அந்த அண்ணன் கட்டிய கட்டடத்தில்தான் குடியிருக்கிறார்.

"அது லிஃப்ட்டுக்கு."

"லிஃப்ட் ஓடுதா?"

அந்த விவாதம் அதோடு நின்றது. செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எதையும் அடிப்படையிலிருந்து தொடங்குபவர். "முதல்ல ஒரு தெளிவு வேணும். இதுக்கு உரிமையாளர் யார்? கொடுத்தவரா, பெற்றுக்கொண்ட சபையா? யார் உரிமையாளரோ அவங்கதான் கட்டணும்."

நான் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, இரண்டு பேரும் இல்லை என்றேன். உரிமையாளர் அந்த நிறுவனம்தான். நமக்கு இருப்பது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி.

"அப்ப நான் குடுத்தது இன்னா?" என்றார் அண்ணன்.

"அனுமதிங்கண்ணே."

"அனுமதிக்கா எங்கப்பா பேரைப் போட்டேன்?"

அவர் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது. கிடார் பையன் உதவிக்கு வந்தான். "பிரதர், இதோட கிராக் வெர்ஷன் ஃப்ரீயா கெடைக்குது. காசே வேணாம்."

"கோயிலுக்குள்ள களவாடின சாமானா?" என்றார் செயலாளர்.

"டவுன்லோட வெளிய வச்சுப் பண்ணிக்கலாம் சார்."

எனக்கும் இதில் ஒரு கருத்து இருந்தது, கடமையுணர்ச்சியோடு சொன்னேன். மென்பொருள் எழுதுபவர்களும் என்னைப் போல மாதச் சம்பளத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். கணினி மாறிக்கொண்டே இருக்கிறது, அவர்களும் மாற்றி மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதற்குக் கூலி கேட்டால் தப்பில்லை. எங்கள் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் இயந்திரத்துக்கு வருடா வருடம் கட்டுகிறோம். யாரும் கேள்வி கேட்பதில்லை, அது யாருடைய சொந்தப் பணமும் இல்லை என்பதால். ஆனால் புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டு விலை சொல்வது வேறு. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்ததை ராத்திரியோடு ராத்திரியாக எடுத்து வைத்துக்கொண்டு, அதையே இன்றைக்குப் புதுசு என்று விற்பது வேறு. முன்னதற்குப் பணம் கட்டலாம். பின்னதற்குக் கட்டவே கூடாது. நாம் கட்டித்தான் ஆகவேண்டும்.

"முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் தொடர்பு இல்லையே தம்பி" என்றார் செயலாளர். சரியாகத்தான் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "மஞ்சள் எதுக்கு? வரி தெரியுது, எல்லாரும் படிக்கிறோம். நம்ம சபையில படிக்கத் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா, சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து அம்மா டீத் தட்டோடு அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் மேசையைப் பார்த்தேன். என்னிடம் இருந்த ஒரே வலுவான வாதம் அது. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தேன்.

"சக்கர போதுமா ஐயா?" என்றாள் அம்மா.

"போதும்மா, நல்லாருக்கு" என்றார் அவர்.

சந்தாவுக்கு வேறு யாராவது அன்பளிப்புக் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. இரண்டு வாரம் அறிவித்தார்கள். ஒருவரும் வரவில்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு வந்த சபை அது. பெயர் போட இடம் போதாமல் இயந்திரத்துக்குப் பக்கவாட்டில் பலகை அடித்தவர்கள். கடைசியில் பொருளாளர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். "யோசிச்சுப் பாரு. இதுல எங்க தகடு அடிக்கறது?"

அன்று மாலையே வீட்டுமனை அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, புதுப் பதிப்புல பேரு போட எடம் இருக்குதுண்ணே."

"எங்க?"

"திரையிலயே."

"எவ்ளோ பெருசா வரும்?"

சந்தா அன்றைக்கே கட்டப்பட்டது.

புதிய பதிப்பை வீட்டில் வைத்துப் பழகினேன். விசையை அமுக்கத் தேவையில்லை; பாடகர் குழு வாசிக்கும் கீபோர்டின் தாளத்தைக் கேட்டுத் தானே சொல்லை நகர்த்தும். இது எனக்குக் கலக்கமாக இருந்தது. என் விரல் இல்லையென்றால் அம்மாவுக்காக யார் காத்திருப்பது? ஆனால் மஞ்சள் திரும்பி வருகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'தொடக்க வரி' என்று ஒரு கட்டம் இருந்தது. கணினியைத் திறக்கும்போது ஒரு தடவை வரும் வரி என்று எடுத்துக்கொண்டு, அண்ணன் போனில் சொன்னபடியே தட்டச்சு செய்தேன்: அன்பளிப்பு என்ற சொல், அவருடைய மூன்று இனிஷியல், பெயர், பி.காம்., கடைசியில் ராஜகீழ்ப்பாக்கம்.

ஞாயிறு. கீபோர்டில் முன்னிசை முடிந்தது. சபை எழுந்து நின்றது. திரையில் முதல் சொல் மஞ்சளானது.

அன்பளிப்பு என்று சபை பாடியது.

திரை வந்த நாளிலிருந்து, எது மஞ்சளாகிறதோ அதற்கு வாய் திறப்பது என்று அவர்களைப் பழக்கியவன் நான். 'தொடக்க வரி' என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் தொடக்கம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமுக்கி நிறுத்த விசை எது என்று தேடினேன். மூன்று இனிஷியலும் தாளத்துக்கு ஒன்றாக, அந்த மெட்டுக்கென்றே வைத்ததுபோல உட்கார்ந்தன. பெயரை நன்றாகவே பாடினார்கள். 'பி.காம்.' வந்தபோதுதான் முன்வரிசைக்குத் தன் குரல் தன் காதில் விழுந்தது. செயலாளரின் கனத்த குரல் அணைந்தது. பொருளாளர் நிறுத்தினார். கிடார் பையன் கிடாரின்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டான். பார்த்த பார்வையில் வரியைப் படித்துவிடுகிறவர்களுக்கு அர்த்தம் சட்டென்று தெரிந்துவிட்டது. வரிசை வரிசையாக வாயை மூடினார்கள்.

ஒரே ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்ச். ஒவ்வோர் எழுத்தாக ஏறிப் போய்க்கொண்டிருந்ததால், வரி என்ன சொல்கிறது என்று பார்க்கவோ பக்கத்தில் இருப்பவர் நிறுத்தியதைக் கவனிக்கவோ அவளுக்கு நேரம் இல்லை.

"ரா... ஜ... கீ... ழ்ப்... பாக்... கம்."

ஒரு தாளம் பிந்தி, ஆனால் சரியான சுரத்தில் கொண்டுவந்து முடித்தாள்.

எந்தக் கீர்த்தனையிலும் இல்லாத சொல். யாரும் அவளுக்கு அதைப் பாடிக் காட்டியதில்லை. கோயில் முழுக்கச் சிரிப்பு எழுந்தபோது நான் மட்டும் பித்தளைத் தகடு அடித்த அந்த மடிக்கணினிக்குப் பின்னால் குனிந்து, ஏதோ வயரைச் சரிபார்ப்பதுபோல நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "அம்மா மட்டும்தான் தம்பி முழுசாப் பாடினாங்க" என்றார். அதோடு நிறுத்தாமல், மேடவாக்கத்திலும் ஒரு கிளை திறந்திருக்கிறோம், இடம் இருக்குமா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

வாசலில் பக்கத்துப் பெஞ்ச் அக்கா அம்மாவின் தோளை இடித்தாள். "இன்னாக்கா, எல்லாரும் வுட்டுட்டாங்க, நீ மட்டும் அட்ரஸ் வரிக்கும் போய்ட்டு வந்துட்ட?"

"எழுதி இருந்துச்சி" என்றாள் அம்மா. "படிச்சேன்."

சொல்லிவிட்டு இரும்புத் தட்டில் தன் செருப்பைத் தேடத் தொடங்கினாள்.