மூடியைத் திறந்தால் ஓடும் வண்டி

என் வண்டியை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, கார்புரேட்டர் வைத்த பழைய மாடல் பைக். அதைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லாத ஆளே எங்கள் தெருவில் கிடையாது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் அது திணறித் திணறி நின்றபோது, என் ஆத்திரம் வண்டி மேல் போகாமல் பெட்ரோல் போட்டவன் மேல் போனது.

பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வருஷக்கணக்கில் படித்தவள். அடுத்த முறை வயது வரம்பைத் தாண்டிவிடுவாள், அதனால் இதுதான் அவளுக்குக் கடைசித் தேர்வு. பஸ்ஸில் ஏறினால் குமட்டும், அன்று முழுவதும் தலை தூக்க மாட்டாள். அதனால்தான் விழுப்புரத்திலிருந்து வண்டியிலேயே கூட்டிப்போகிறேன் என்று நான் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலமே டேங்கை நிரப்பியும் வைத்தேன்.

நின்ற வண்டியை ஓரம் கட்டி ரிசர்வுக்குத் திருப்பினேன். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் கழுத்து வரை தளும்பியது. மூடிவிட்டு ஒரு உதை உதைத்தேன், உடனே கிளம்பியது.

“பாத்தியா? நம்ம வண்டி நம்மள விடாது” என்றேன். அவள் மணியைப் பார்த்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம்தான். மறுபடியும் அதே திணறல். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். கார்புரேட்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, தேங்கியிருந்ததை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. சந்தேகம் தீராமல் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தேன். மூடிவிட்டு உதைத்தால், எதுவுமே நடக்காத மாதிரி ஓடியது. பங்க்காரன் குடும்பத்தையே திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் மூன்றாவது முறை நின்றது. அவள் இறங்கி ஒரு பஸ்ஸுக்குக் கை காட்டினாள். குமட்டினாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டாள். பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம். நிற்காமல் போனது. அந்த டிரைவரையும் ஒரு பாட்டம் திட்டினேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“சும்மா கத்திக்கினு இருக்காதீங்க. ஒண்ணு கவனிச்சீங்களா? ஒவ்வொரு வாட்டியும் மூடியத் தொறந்து பாத்த பெறவுதான் ஓடுது” என்றாள்.

“மூடிக்கும் இஞ்சினுக்கும் இன்னா சம்பந்தம்?” என்று சீறினேன். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பிடித்தேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. டேங்க் மூடியைத் திறந்தேன். கொடகொடவென்று கொட்டியது. அவசரமாகக் குழாயை மாட்டினேன்.

மூடியில் சாவி போடும் இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு துளை ஒன்று உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் டேங்க் நிறைய இருந்தும் பெட்ரோல் கீழே இறங்காது. குனிந்து பார்த்தேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. பங்க்குக்குப் போனதைத் தவிர அதற்குப் பிறகு வண்டியை நான் எடுக்கவே இல்லை. எல்லோரும் சக்கரத்துக்கும் ஹெட்லைட்டுக்கும் பொட்டு வைப்பார்கள். இவள் மட்டும் டேங்க் மூடியில் அள்ளி அப்பினாள். பரீட்சைக்கு என்னை நல்லபடியா கொண்டுபோய் விடு என்று வண்டியிடம் அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. பூஜை போட்ட சந்தனத்தைத் துடைக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். மூன்று முறை அந்த மூடியைத் திறந்தும் எனக்கு அது சாமி காரியமாகத்தான் தெரிந்தது, அடைப்பாகத் தெரியவில்லை.

வாய் வரைக்கும் கத்தல் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஏதோ வாய்க்குள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் விழுங்கிக்கொண்டேன்.

“அந்த ஊக்கக் குடு” என்றேன். துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். முதுகைக் காட்டித் திரும்பி நின்று துளையைக் குத்தி எடுத்தேன்.

“இன்னாங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. தூசி. ஜல்தி ஏறு.”

அதற்குப் பிறகு வண்டி ஒரு விக்கல்கூட விக்கவில்லை. நான் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஓட்டினேன். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் கேட்டின் ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பு ஒன்று கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடி உள்ளே நுழைந்தாள். வாட்ச்மேன் அந்தச் செருப்பைக் காலாலேயே உள்ளே தள்ளிவிட்டு கேட்டைச் சாத்தினார். என் வயிற்றில் பாலை வார்த்தது அந்தச் சத்தம். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தேன். ஆம்பிளை அழுகிறானே என்று இரண்டு பேர் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

பரீட்சை முடிந்து கும்பலோடு வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

“வழியெல்லாம் கத்திக்கினு வந்த மனுஷன், ஊக்க வாங்கி மூடியில குத்துன பெறவு கப்சிப்புனு ஆயிட்டீங்க. அப்பவே தெரிஞ்சிடுச்சி, நான் வெச்ச சந்தனம்தான்னு. அழுகையா வந்துச்சி. நீங்க தூசின்னு சொன்னீங்க இல்ல, நானும் தூசின்னே நெனச்சிக்கினு உக்காந்து எல்லாத்தையும் எழுதிட்டேங்க.”