இறகு வைத்த தொப்பி

ஜஸ்டஸின் ஊரில், செத்தவன் மண்ணுக்குள் போகும்வரை கரையிலிருந்து ஒரு வள்ளமும் தொழிலுக்கு இறங்காது. ஆண்கள் தலையில் துண்டு கட்டமாட்டார்கள். உலை வைக்க அரிசியில்லாதவன்கூட வலையைத் தொடமாட்டான். மீசை அரும்பும் முன்பே கடலுக்குப் போனவன் ஜஸ்டஸ். பிறகு துபாய்க்கு வந்து, அல் கூஸில் ஏசி மெக்கானிக்காகக் காலத்தை ஓட்டியதில் ஊரைப் பாதி மறந்துவிட்டான். இதை மட்டும் மறக்கவில்லை.

அவன் தம்பி ஆன்சன் திங்கட்கிழமை செத்தான். ஹோட்டல் ஒன்றின் புல்வெளியில், ஜெர்மன்காரர்களின் பீர் திருவிழாவுக்குக் கூடாரம் போடும்போது, மேலே ஏற்றிய அலுமினியச் சட்டம் நழுவி அவன்மேல் விழுந்தது. ஊருக்கு அனுப்ப அனுமதி கிடைக்காமல் உடல் பிணவறையில் கிடந்தது. வியாழக்கிழமை திருவிழா தொடங்கிவிட்டது என்று யாரோ சொன்னபோது ஜஸ்டஸ் நம்பவில்லை. கூடாரம் போட்டவர்களில் நால்வர் அவன் ஊர்க்காரர்கள்; அவர்களில் ஒருவனான ஃபோர்மேன் இன்பமணி அவனுக்கு மச்சான் முறை. தம்பியின் பெட்டி விமானம் ஏறும்வரை அந்த நால்வராவது வேலையைத் தொடாமல் நிற்கவேண்டும். அதைக் கேட்கத்தான் டாக்சி பிடித்துப் போனான். வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு, மற்ற விருந்தாளிகளோடு உள்ளே நுழைந்தான்.

நீலமும் வெள்ளையுமாய்த் தோரணங்கள். நீள மேசைகளில் வெள்ளைக்காரர்கள் தோளோடு தோள் கோத்து அசைந்தாடினார்கள். மேடையில் பித்தளைக் குழல்கள் பிளிறின. ஜஸ்டஸ் ஒரு மேசையோரம் உட்கார்ந்து, தம்பி விழுந்த இடத்தைக் கண்ணால் தேடினான். அங்கே பலகை பரப்பி, அதன்மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் இன்பமணி வந்தான். பரிமாற ஆள் போதாதென்று கூடாரம் போட்டவர்களுக்கே தோல் அரைக்கால்சட்டையை மாட்டி விட்டிருந்தார்கள். இரண்டு கையிலும் பீர்க் குவளைகள். தலையில் இறகு வைத்த பச்சைத் தொப்பி.

“ஆன்சன் ஐஸுல கெடக்கான். ஒங்களுக்குத் தொப்பி கேக்குதோ மச்சான்?”

இன்பமணி குவளைகளை மேசையில் வைத்துவிட்டு, மெல்லப் பேசச் சொன்னான். டூட்டிக்கு வராதவனுக்கு விசா கலாஸ், அதோடு முடிந்தது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். பகலெல்லாம் போலீசுக்கும் தூதரகத்துக்கும் அலைவது அவன்தானாம்.

“என்னையும் ஊருக்கு ஏத்திவிட்டுட்டா அவன் பொட்டிக்கு யாருல ஓடுவா?”

“ஒங்கப்பனக் கடல்ல தேடின மூணு நாளும் எங்கப்பன் தொழிலுக்கு வள்ளம் இறக்கினாரா? வீட்டுல சோறில்ல மச்சான். இறக்கினாரா?”



குழல்கள் சட்டென்று வேறு மெட்டுக்கு மாறின. கூடாரம் முழுக்க எழுந்து குவளையை உயர்த்தியது. பக்கத்திலிருந்த தடித்த ஆள் சிரித்தபடியே ஜஸ்டஸின் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தான். ஜஸ்டஸ் கையை உதறினான், எழவில்லை. எல்லோரும் நின்ற அந்த நேரத்தில் இன்பமணி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். மேடையோரம் நின்ற மேனேஜர் தன் தலையைத் தொட்டுக் காட்டி அதட்டினான். இன்பமணி அந்தப் பக்கம் திரும்பாமல், காலிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு வெறுந்தலையோடு நடந்தான்.

அதே தொப்பியோடு பரிமாறிக்கொண்டிருந்த மற்ற மூன்று ஊர்க்காரர்களும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

ஜஸ்டஸ் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினான். இன்றைக்கு இதை யாரும் மச்சான் தலையில் திரும்ப வைக்க முடியாது. வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கூட்டத்துக்கு நடுவே மூன்று இறகுகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. காறித் துப்பிவிட்டு நடந்தான்.