தலைசுற்றி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது

ஒரு பெண்ணை அடித்தால் எங்கே வீங்கும், அவளாக விழுந்தால் எங்கே சிராய்க்கும் என்பது எனக்கு அத்துப்படி. அரூரில் இருபது படுக்கை கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக அவசரப் பிரிவு நர்சாக இருக்கிறேன். வரப்புத் தகராறில் மண்வெட்டி வெட்டு வாங்கியவர்கள், திருவிழாவில் பாட்டில் குத்துப்பட்டவர்கள், அண்ணன் கையால் மண்டை உடைந்த தம்பிகள் என்று எத்தனையோ பேரை இந்தக் கை துடைத்துத் தையலுக்குத் தயார் செய்திருக்கிறது. நானும் அடி வாங்கியிருக்கிறேன். வரும்போதே உயிர் போயிருந்த ஒருவரின் மச்சான், டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தூக்கி என் தோளில் போட்டான். வலியோடு வலியாக அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். அதிலிருந்து, புதிதாக வருகிறவர்களிடம் வாட்ச்மேன், "அந்தம்மாகிட்ட மட்டும் வாயக் குடுக்காதீங்க" என்று சொல்லித்தான் உள்ளே விடுவார். கோபக்காரி என்றால் தைரியசாலி என்று நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடிதடியோ விபத்தோ, எங்களிடம் வந்ததும் முதலில் விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏ.ஆர். என்போம். எழுதுவது நாங்கள், கையெழுத்துப் போடுவது டூட்டி டாக்டர். அதில் காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு கட்டம் உண்டு. நாங்கள் யாரும் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை என்பதால் எதை எழுதினாலும் 'சொல்லப்படுகிறது' என்று முடிப்போம். பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. கணவர் கட்டையால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது. அடி என்று எழுதினால் போலீசுக்குத் தகவல் போகும், விழுந்தது என்றால் போகாது. அதனால் பெண்கள் பலருக்கும் வலியைவிட அந்தக் கட்டத்தின் மேல்தான் கண் இருக்கும். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டன்னு போட்டுடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சுவார்கள். நான் நன்றாகத் திட்டிவிட்டு, உள்ளதை எழுதுவேன். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் பொய் எழுதினேன்.

அது என்னோடு வேலை பார்த்தவளுக்காக. என்னைவிட ஏழு வயது இளையவள், கம்பைநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், என்னை அக்கா என்பாள். இருவருமே டிப்ளமா நர்ஸ்கள். நேற்று காலேஜ் முடித்து வந்த பெண், பட்டம் இருக்கிறது என்பதற்காக எங்களுக்கு டூட்டி சார்ட் போட ஆரம்பித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நர்ஸ்களுக்கென்று ஆன்லைனில் பி.எஸ்.சி. இருப்பதைத் தேடிப் பிடித்தவள் அவள். அவளை இழுத்துப் போய்ச் சேர்த்து, நானும் சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு. பல ஊர்களிலிருந்து அறுபது பேர். கேமரா ஆனில் இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. ஒருத்தி ஓடுகிற பஸ்ஸில் இருப்பாள், ஒருத்திக்குப் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கும், ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்தபடி தன் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டிருப்பாள். என் தோழிக்குப் பின்னால் எப்போதும் மாட்டுத் தீவன மூட்டைகள். அவள் கணவர் தீவனக் கடை வைத்திருந்தார். கடையை ஒட்டியே வீடு, நடுவில் குடோன். சத்தமில்லாத இடம் அதுதான் என்று அங்கே உட்கார்ந்து படித்தாள். சின்ன வயதிலிருந்து அதட்டி வேலை வாங்கிப் பழகிய குரல் என்பதால் என்னை வகுப்பு லீடர் ஆக்கியிருந்தார்கள். வருகைப் பதிவு எடுப்பது, யாராவது மைக்கைத் திறந்து வைத்திருந்தால் மியூட் பண்ணுவது என் வேலை.

அவள் கணவர் வெளியாட்களுக்குத் தங்கமான மனுஷன். என்னைக் கண்டால், "வாங்க சிஸ்டர், ஒரு டீ சாப்டுட்டுப் போங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார். ஆனால் வகுப்பில் ஏழெட்டு ஆண் நர்ஸ்களும் இருந்தார்கள். போனில் ஆண் குரல் கேட்டதிலிருந்து அவருக்குத் தாங்கவில்லை. முதலில் போனைப் பிடுங்கினார். பிறகு ரெக்கார்ட் நோட்டைத் தீவனம் ஊறவைக்கிற தொட்டியில் முக்கினார். பிறகு கை நீள ஆரம்பித்தது. அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த நாட்களை எண்ணினாலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. தேர்வு முடியட்டும் என்று இருந்தேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்த ஒரு ஞாயிறு. அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று மேடம் நடத்திக்கொண்டிருந்தார். திடீரென்று திரையில் என் தோழியின் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு மின்னியது. மைக் திறந்துவிட்டது. "எவன்கூடடி டிகிரி படிக்கிற" என்ற குரல். ஏதோ இரும்பு சரிந்தது. அடுத்து ஒரு அறை. எந்தக் கையால், கன்னத்திலா காதிலா என்பதுவரை சத்தத்திலேயே எனக்குத் தெரியும். அது காது. பின்னாலேயே அவள் கத்தினாள். படம் குலுங்கி, மூட்டை தெரிந்து, கூரைத் தகடு தெரிந்தது.

மேடம் சொன்னார்: "யாரோட மைக் ஆன்ல இருக்கு? லீடர், மியூட் பண்ணுங்க."

பண்ணினேன். ஒரு நொடி தாமதிக்கவில்லை. அறுபது பேர் முன்னால் அவள் மானம் போகிறதே என்ற பதற்றம்தான் எனக்கு. கூரைத் தகடு சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது, பிறகு அந்தக் கட்டமே மறைந்தது. எல்லாரும் நர்ஸ்கள். எல்லாருக்கும் புரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. மேடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், நான் குறிப்பெடுத்தேன். அன்றைய நோட்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது, கையெழுத்து ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை.

மறுநாள் காலை டூட்டிக்கு வந்தாள். இடது கன்னம் உப்பியிருந்தது. காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. முன்னங்கையில், தடுக்கத் தூக்கிய இடத்தில், நீளமான கன்றல். நான் அவளை உடை மாற்றும் அறைக்கு இழுத்துப் போய் முதலில் சொன்னது இதைத்தான்: "பயப்படாத. யாருக்கும் ஒண்ணும் கேக்கல. ஒடனே மியூட் பண்ணிட்டேன்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்கக்கா" என்றாள்.

செவிப்பறை கிழிந்திருக்கலாம், டாக்டர் பார்க்கத்தான் வேண்டும், பார்த்தால் ஏ.ஆர். போடத்தான் வேண்டும். விழுந்ததாக எழுதும் யோசனை முழுக்க என்னுடையது. "மூணு வாரம்தான் இருக்குது. இப்ப போலீசு கீலீசுன்னு போனா பரிச்ச எழுத வுடுவானா? மொதல்ல பாஸ் பண்ணு, அப்பறம் அவன ஒரு வழி பண்ணலாம்" என்றேன். அதற்கும் சரிங்கக்கா என்றாள். ஆனால் விழுந்தவளுக்கு முட்டியில், உள்ளங்கையில் காயம் இருக்க வேண்டுமே. டூட்டி டாக்டர் சின்னப் பையன்தான், இருந்தாலும் இது தெரியாதவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பெட்பேன் கழுவுகிற இடத்தில் சொரசொரப்பான சிமெண்ட் மேடை ஒன்று உண்டு. அங்கே கூட்டிப் போனேன். அவள் வலது உள்ளங்கையை அதில் வைத்து, மேலே என் கையை வைத்து அழுத்தி இழுத்தேன். முதல் இழுப்பில் தோல் வெளுத்ததே தவிர ரத்தம் வரவில்லை. இன்னும் இரண்டு முறை இழுத்தேன். பிறகு முட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, நான் அவசரப்படுத்தினேன்.

பிறகு சுத்தம் செய்து, மருந்து போட்டு, பதிவேட்டை எடுத்தேன். வழுக்கி என்று எழுதினால் எல்லாரும் எழுதுகிற பொய்யாக இருக்குமென்று, வீட்டில் தலைசுற்றி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று எழுதினேன். தலைசுற்றல் என்றால் காரணம் வேண்டும். பார்க்காத ரத்த அழுத்தத்தை 90/60 என்று போட்டேன். காரணமில்லாமல் விடக் கூடாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் காதைப் பார்த்துவிட்டு ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

இருவரும் பாஸ் பண்ணினோம். எனக்கு நர்சிங் இன்சார்ஜ் பதவி கொடுத்தார்கள். என் சாமர்த்தியத்தால்தான் அவளும் பட்டம் வாங்கினாள் என்று மனசுக்குள் பெருமை வேறு.

முடிவு வந்து எட்டாம் நாள், அவள் கணவர் குடோனின் இரும்புக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அவள் வலது கையை வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு முறை அல்ல. இரண்டு விரலும் உள்ளங்கை எலும்பு ஒன்றும் உடைந்தன. இந்த முறை அவள் என்னிடம் வரவில்லை. தானாகவே பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், கணவர் தாக்கியதாக எழுத வைத்து, மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலைதான் எனக்கு போன் வந்தது.

"அக்கா, அவரு நம்ம ஆசுபத்திரி ஏ.ஆர். காப்பி வாங்கியாந்து ஸ்டேஷன்ல குடுத்திருக்காரு. எனக்குத் தலசுத்துற வியாதியாம், கதவுமேல நானே வுழுந்துட்டனாம். அவரு சொல்றத நம்பிட்டா என்னையத் திரும்ப அந்த வூட்டுக்கேதான் போவச் சொல்லுவாங்க." என்னை வரச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உடனே மகளிர் ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினேன். உண்மையைச் சொன்னால் பதவி போகும், நர்ஸ் பதிவே ரத்தாகலாம். போனை எடுத்துப் படிப்பின் இணையதளத்துக்குள் போனேன். வகுப்புகளின் வீடியோ பதிவு அங்கேதான் இருக்கும், கோர்ஸ் முடிந்தும் ஆறு மாதம் பார்க்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அதைத் திறக்கத் துணிவில்லாமல் இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

ஸ்டேஷனில் அவள் கணவர் வெள்ளைச் சட்டையில் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சிஸ்டர், நீங்களே சொல்லுங்க" என்று எழுந்து நாற்காலி நகர்த்தினார். அவள் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்தாள். இன்ஸ்பெக்டர் அம்மா காப்பியை என் பக்கம் திருப்பினார்.

"இது ஒங்க எழுத்தா?"

"ஆமாங்க மேடம்."

"தலசுத்தல், பி.பி. கொறவுன்னு இருக்கு."

"பொய்ங்க. பி.பி. நான் பாக்கவேயில்ல. கையிலயும் முட்டியிலயும் இருந்த சிராய்ப்பு நானே பண்ணுனது. மத்ததெல்லாம் இவரு அடிச்சது."

வக்கீல் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அன்னைக்குப் பொய் எழுதுனவங்க இன்னைக்கு நெஜம் பேசறீங்கன்னு நான் எத வெச்சு நம்பறது?" என்றார். நியாயமான கேள்வி. போனை மேசைமேல் வைத்து, ஓட விட்டேன்.

மேடத்தின் பாடம். பச்சைக் கோடு. அவள் கணவரின் குரல். இரும்பு சரிந்தது. அறை. பிறகு அவள் கத்தியது. அன்று என் காதில் வெறும் கத்தலாக விழுந்தது. ஸ்டேஷன் அமைதியில் தெளிவாகவே கேட்டது: "அக்கா, அக்கா, பாருங்கக்கா." அதன்மேல் மேடத்தின் குரல். அதோடு அவள் சத்தம் நின்றுவிட்டது.

"மைக்கு தெரியாம ஆன் ஆயிடுச்சா?" என்று இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்டார்.

"இல்லீங்க மேடம். அவரு கைய ஓங்குனப்ப நான்தான் ஆன் பண்ணுனேன். அறுவது பேரு இருக்காங்களே, யாராச்சும் கேப்பாங்கன்னு."

வெள்ளைச் சட்டை நாற்காலியில் அசைந்தது. வக்கீல் அவர் தொடையில் கை வைத்தார். இன்ஸ்பெக்டர் போனையே பார்த்தபடி, "அப்பறம் சத்தத்த நிறுத்துனது யாரு?" என்றார்.

அவள் மாவுக்கட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்க அன்றும் அவளுக்கு மனசு வரவில்லை.

"நான்தாங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினார். எழுத ஆரம்பித்தேன். அவள் கணவர் அடித்தார். அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் மியூட் செய்தேன். மறுநாள் அவள் கையைச் சிமெண்டில் தேய்த்தேன். ஒரு வரியைக்கூடச் சொல்லப்படுகிறது என்று முடிக்கவில்லை.