திரும்ப விடுவதற்காக ஒரு மீன்

மூன்று நாள் காட்டுக்குள் நடந்துபோய், மீனைப் பிடித்து, அதைச் சமைக்காமல் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வரப்போவதாக ஒரு மனுசன் சொன்னால் எந்தப் பெண்சாதி நம்புவாள்? நான் நம்பவில்லை. விளைமீனில் முள் கொஞ்சம் கூடினாலே தட்டைத் தள்ளிவைக்கிறவர் என் கணவர்.

மகள் படிக்கவென்று வேறு நகரத்துக்குப் போனபின் கனடாவில், ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டின் கீழறையில், பேஸ்மென்றில் இருந்தார். சேவல் இறகும் மான்மயிரும் நூலும் வாங்கி, சின்னச் சின்னத் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி செய்தார். மீன் அதை உண்மைப் பூச்சி என்று நம்பிக் கவ்வுமாம். பொய்யை உண்மைபோலச் செய்து பழகுகிற ஆளை நான் எப்படி நம்புவது?

பனி கரைந்ததும் பின்வளவில் தூண்டில் வீசிப் பழகினார். தண்ணீர் இல்லை, முள் இல்லை, நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூல் மட்டும். பின்னேரங்களில் பெரிய முதுகுப்பைக்குள் அரிசி மூட்டையை வைத்துத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். பாரம் சுமந்து பழக வேண்டுமாம். தெருமுனைக் கடிதப் பெட்டிக்கே காரில் போகிற மனுசன்!

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அரைமணி நேரக் கார் தூரத்தில் வோபர்னில் இருக்கும் என் அக்கா அடுத்த நாளே தொலைபேசி எடுத்தாள்.

“உன்ரை மனுசன் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டிலை போறாராம். வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?”

“மீன் பிடிக்கப் போறாராம் அக்கா. அதுக்கு நடந்து பழகிறார்.”

“மீன் கடையிலை இருக்கு. நீ கண்ணைத் திறந்து பார் பிள்ளை.”

திறந்து பார்த்தேன். தனியாகப் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் பேஸ்மென்றில் விரித்திருந்த கூடாரத்தில் இரண்டு பேர் படுக்கலாம். எந்த இடம் என்று கேட்டால், “வடக்காலை” என்பார். இந்த நாட்டில் பனிக்கரடிவரைக்கும் வடக்குத்தான். ஒரு சனிக்கிழமை படியில் நின்று காது கொடுத்தேன். கீழே அவர் குரலைத் தாழ்த்தி தொலைபேசியில் ஆங்கிலத்தில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், ஒருவருக்கும் சொல்லவில்லை, மனைவிக்குக்கூடத் தெரியாது என்று.

மேலே வந்தவரைச் சாப்பாட்டு மேசையில் இருத்தினேன். தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

“ஆர் அவள்?”

அவர் முழித்தார். பிறகு சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது, எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“அவளில்லையப்பா, அவன். என்னோடை வேலை செய்யிற வெள்ளைக்காரன். அவன் தன்ரை தமையனுக்கே சொல்லாத ஓடை அது. புரூக் ட்ரௌட் எண்டு ஒரு மீன், பண்ணையிலை வளர்த்துக் கொண்டுவந்து விட்டதில்லை, அங்கையே பிறந்து வளர்றது. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எனக்குச் சொன்னவன்.”

“அப்ப உந்தக் கூடாரம்?”

“ஒரு பக்கம் எனக்கு, மற்றப் பக்கம் முதுகுப்பைக்கு. மழையிலை நனையக் கூடாது.”

“என்னட்டைச் சொன்னால் நான் ஆருக்குச் சொல்லப்போறன்?”

“உம்மடை அக்காவுக்கு. அடுத்த கிழமையே வான் பிடிச்சு, அடுப்பும் சட்டியுமாச் சனம் வந்திறங்கும்.”

அதை விட்டேன். வேறு கேள்வி இருந்தது.

“அங்கை விழுந்து காலை முறிச்சால்? போனும் வேலை செய்யாது எண்டுறியள்.”

“ஞாயிறு இருட்டுறதுக்குள்ளை நான் அவனுக்குப் போன் எடுக்காட்டி, அவன் பொலிசுக்குச் சொல்லுவான். காட்டுக்குப் போற ஆக்கள் எல்லாரும் அப்பிடி ஒராளிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போறவை.”

இத்தனை வருசம் ஒரு வீட்டில் வாழ்ந்திருக்கிறோம். இவர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடுவதற்கு, நான் முகமே பார்த்திராத ஒருவனை வைத்திருக்கிறார். வேறொருத்தி என்றால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். இவனை என்ன செய்வது? அழுகை வந்துவிட்டது.

“அந்த ஆள் நானில்லையோ?” என்றுதான் கேட்க முடிந்தது.

அவர் எழும்பிப் போய் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். ஒரு ஏரிக்கு மேலே, பெயர்கூடப் போடாத நீலக்கோடு ஒன்றில் விரலை வைத்தார்.

“இஞ்சை. காரை இதிலை விடுவன். ஞாயிறு இருட்டுமட்டும் பொறும். வெள்ளிக்கிழமையே பொலிசுக்குப் போன் அடிச்சுப்போடாதையும்.”

விரலை எடுக்கமுதல் தொலைபேசி அடித்தது. அக்கா.

“கேட்டனியோ? எங்கை போறாராம்?”

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சந்தேகம் அவர் கண்ணில் இருந்தது.

“தெரியாதக்கா. எனக்கு ஒண்டும் சொல்லுறாரில்லை.”

என் நிலையை நினைத்து அக்கா விம்மத் தொடங்கினாள். கூடப்பிறந்தவளை அழவிட்டுக்கொண்டு, நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.