லொறிக்குப் பின்னால் ஒரு வீடு

இந்த ஊரில் தூரத்தை மைலில் சொல்பவர்கள் துரைமார் மட்டும்தான். மற்றவர்கள் முடக்கில் சொல்வார்கள். மலைச்சாலை ஒருமுறை மடங்கித் திரும்பினால் அது ஒரு முடக்கு. நான் பதுளைக்கு வந்த முதல் வாரம், நமுனுகுல மலையடித் தோட்டத்துக்கு எவ்வளவு தூரம் என்று கடைத்தெருவில் ஒருவரைக் கேட்டேன். அவர் தோளில் இருந்த மூட்டையை இறக்காமலே, "மேட்டுக்கு நாப்பது முடக்கு, பள்ளத்துக்கு முப்பது முடக்குங்க" என்றார். முசிறியில் ஒரு புளியமரத்தடியில் நின்றால் அடுத்த ஊர்ப் புளியமரம் தெரியும். அங்கே பிறந்த எனக்கு இது கணக்காகவே படவில்லை. பிறகு அந்தப் பாதையில் போனபோது பென்சிலும் காகிதமுமாக எண்ணினேன். மேட்டுக்கு நாற்பத்து மூன்று, பள்ளத்துக்கு இருபத்தொன்பது. திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். "நீங்க எண்ணுனது மழைக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டார். மண் சரிந்தால் சாலையின் வளைவும் மாறிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. அன்றிலிருந்து எதை எழுதினாலும் மாதத்தையும் கிழமையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். பதுளையில் துணியும் பாத்திரமும் அரிசியும் விற்கும் கடை ஒன்று எங்களுக்கு இருக்கிறது. ரயில் இன்னும் பண்டாரவளையோடு நிற்கிறது. அங்கிருந்து பதுளைக்கு மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். தோட்டத்து ஆட்கள் கடைக்கு வர வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடக்க வேண்டும். ஆகவே கடைதான் அவர்களிடம் போக வேண்டும். மாதத்தில் இருபது நாள் நான் தோட்டம் தோட்டமாகச் சரக்கோடு சுற்றுவேன். இரண்டு வருஷமாக அதற்கு ஒரு லொறி வைத்திருக்கிறோம். பெரிய லொறியும் இல்லை, துரைமார் ஓட்டும் காரும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் ஒன்று. முன்னால் மூவர் உட்காரலாம், பின்னால் பதினைந்து மூட்டை ஏற்றலாம்.

என் மனைவி சிவகாமி போன ஆனியில் ஊரிலிருந்து வந்தாள். மண்டபம் முகாமில் ஐந்து நாள், கப்பல், இரண்டு ரயில் என்று அவள் வந்த வழியெல்லாம் கூடவே ஒரு அம்மிக்கல்லும் வந்தது. குழவி தனிச் சாக்கில். முகாமில் சோதனை போட்ட உத்தியோகஸ்தர் சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அந்த நாட்டில் மலை முழுவதும் கல்தானே அம்மா என்று கேட்டாராம். அது அங்கே இருக்கிற கல், இது நான் அரைத்த கல் என்று இவள் சொன்னாளாம். அவர் சாக்கைத் தாமே கட்டிக் கொடுத்தார் என்று பெருமையாகச் சொன்னாள்.

அம்மிக்குக் கடையின் பின்னறையில் இடம் கிடைத்தது. அவளுக்கும் அங்கேதான். சுவரெல்லாம் ஈரம், ஜன்னலுக்கு நேரே அடுத்த கடையின் தகரம். நான் இருபது நாள் வெளியே, பத்து நாள் உள்ளே. ஆறு மாதம் பொறுத்திருந்தாள். மார்கழிக் கடைசியில் ஒரு காலை, நான் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"பங்குனியில என் தம்பி வர்றான். நான் கடையோட குடித்தனம் பண்ண வரலைங்க. அதுக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. இல்லைன்னா அவன் கூடவே கிளம்பிடுறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். நாள் குறித்துச் சொன்னாள். நாள் குறித்துச் சொல்வதை மதிக்கிறவன் நான்.

வழி ஒரு பழைய காகிதத்தில் கிடைத்தது. தோட்டத்து பங்களா ஒன்றிலிருந்து கண்ணாடிச் சாமான் சுற்றிவந்த ஆங்கிலப் படப் பத்திரிகை. கையில் சிக்கும் எதையும் படிக்காமல் விடும் வழக்கம் எனக்கில்லை. சீமையில் சிலர் மோட்டாருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டைக் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு, உல்லாசத்துக்காக ஊர் ஊராகப் போகிறார்களாம். வீட்டில் கட்டில், அடுப்பு, திரைபோட்ட ஜன்னல். வீடு இருப்பவர்கள் அதை விட்டு வெளியே போக இப்படி ஒன்று செய்கிறார்கள். வீட்டை விட்டு வந்த எங்களுக்கு அது குடியிருக்கவே உதவுமே என்று தோன்றியது. பதுளைக் கொல்லரிடம் படத்தைக் காட்டினேன். பழைய இரட்டைமாட்டு வண்டியின் அச்சு, அதற்கு மோட்டார்ச் சக்கரம், மேலே பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் கதவு, முன்னால் லொறிக் கொக்கியில் மாட்ட ஒரு நீண்ட இரும்புச் சட்டம். ஐந்து வாரத்தில் முடித்தார். லொறி சரக்கோடு இழுத்துப் போய், தோட்டத்தில் இந்த வீட்டைக் கழற்றி நிறுத்திவிட்டு மற்ற வேலைக்குப் போகலாம். நாங்கள் அங்கேயே ஐந்தாறு நாள் கடை விரித்துக் குடியிருக்கலாம்.

மாசி மாதம் இரண்டாம் வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நமுனுகுல மலையடித் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். லொறி ஓட்டியவர் அப்புஹாமி. வெலிமடைச் சிங்களவர், அளந்து பேசுகிறவர். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். சிவகாமி வந்த புதிதில் அவளை 'நோனா' என்று கூப்பிட்டார். அது துரைசானிகளுக்குச் சொல்வது, நம்மைக் கேலி செய்கிறார் என்று அவள் ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மரியாதையாகத்தான் சொல்கிறார் என்று நான் விளக்கிய பிறகு, அவர் கூப்பிடாவிட்டால்தான் இவளுக்குக் குறையாக இருந்தது. முன் இருக்கையில் இடம் இருந்தும், என் வீட்டில்தான் உட்காருவேன் என்று அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அம்மி, அரிசி மூட்டை, தண்ணீர்ப் பீப்பாய் மூன்றும் உள்ளே முன்பக்கத்தில் இருந்தன. கதவு பின்பக்கம் என்பதால் முதலில் ஏற்றியது முன்னால் போய்விட்டது, அவ்வளவுதான் காரணம்.

மேட்டுக்கு நாற்பத்து மூன்று முடக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஏறினோம். மலைமுடியில், பாறையிலிருந்து தண்ணீர் விழும் ஒரு பீலியடியில் நிறுத்தி, அப்புஹாமி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்து ஊற்றினார். இனி இறக்கம். அப்போதுதான் எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா முசிறிக் கரையிலிருந்து காவேரி மணலுக்குள் நெல் வண்டி இறக்குவார். கரைச் சரிவு வந்ததும் வண்டியை நிறுத்தி, முன்னால் இருக்கும் இரண்டு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளச் சொல்வார். இறக்கத்தில் பாரம் முன்னுக்கு வந்து நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில் உட்காரும், அதைக் குறைக்கத்தான். ஆற்றைக் கடந்து எதிர்க்கரை ஏறும்போது அதே மூட்டைகளை முன்னுக்கு இழுப்போம். இல்லாவிட்டால் நுகம் தூக்கிக்கொண்டு மாட்டின் குரல்வளையை நெரிக்கும். முன்பாரம், பின்பாரம் பார்க்கத் தெரியாதவனுக்கு எங்கள் பக்கத்தில் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். பத்து வயதிலிருந்து இது என் கையில் இருக்கிற பழக்கம். இருபது வருஷம் கழித்து, கடல் தாண்டி, மலை உச்சியில், ஒரு லொறியின் பின்னால் நின்றபோதும் கை சும்மா இருக்கவில்லை.

அரிசி மூட்டையைப் பின் கதவோரம் இழுத்தேன். பீப்பாயை உருட்டினேன். அம்மியையும் குழவியையும் தள்ளினேன். சிவகாமி எதற்கு என்று கேட்டாள். இறக்கம் என்று மட்டும் சொன்னேன். வண்டிக்காரர் வீட்டுப் பெண்ணான அவளுக்கு அது போதும், அவளும் ஒரு கை கொடுத்தாள். அப்புஹாமி வாளியோடு வந்து பார்த்தார், சிரித்தார், தலையாட்டினார். அவருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவரோ, நோனா கதவோரம் சமையலுக்குத் தயார் செய்கிறாள், தோட்டம் போய்ச் சேர்ந்ததும் சோறு கிடைக்கும் என்று மகிழ்ந்தாராம். இதைப் பிறகுதான் சொன்னார்.

முதல் மூன்று முடக்கு ஒன்றுமில்லை. நான்காவதில் லொறியின் பின்புறத்தை யாரோ கையால் பிடித்து அசைப்பது போல இருந்தது. அடுத்ததில் அது இடமும் வலமுமாக இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். வீடு நாய்வால் போல ஆடிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் மலையை வெட்டிய மண்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே கண்ணுக்கெட்டியவரை ஒன்றுமில்லை. நிறுத்துங்கள் என்று கத்தினேன். அப்புஹாமி நிறுத்தவில்லை. பிரேக்கில் அவர் கால் அழுந்தவே இல்லை.

"இப்ப நிப்பாட்டினா அது நம்மளத் தள்ளும் முதலாளி," என்றார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "நீங்க பேச வேணாம்."

கியரை இறக்கி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, லொறியை மண்சுவர்ப் பக்கமாக ஒட்டி ஓட்டினார். பின் கதவு திறந்துகொண்டது. பாத்திரங்கள் சாலையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, எதனால் என்று அப்போது தெரியவில்லை, ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. வீட்டின் இடப்பக்கப் பலகை மண்சுவரில் உரசி, முழு வண்டியும் வடிகால் ஓரத்தில் நின்றது.

நான் ஓடிப் போனபோது சிவகாமி தானாகவே இறங்கிக்கொண்டிருந்தாள். தலை முதல் கால் வரை மஞ்சள். மஞ்சள்தூள் டப்பா தலையில் கொட்டியிருந்தது. அடி எதுவும் இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. கீழே தேயிலைச் சரிவைப் பார்த்தாள். குழவிக்கல் கதவு வழியாக விழுந்து, செடிகளுக்கு நடுவே உருண்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாறைக்கு அப்பால் மறைந்தது.

சற்று மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களோடு நின்ற கங்காணி சாலைக்கு இறங்கி வந்து, யாருக்கும் காயமில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு கேட்டார்:

"என்னாங்க கடைக்காரய்யா, மாமியாருக்குப் பயந்து வீட்டையே பேத்து எடுத்துக்கிட்டு ஓடுறீங்களா?"

மேலே இருந்த பெண்களில் ஒருத்தி, "மஞ்சத்தண்ணி விளையாட்டு முடிஞ்சுதான் கிளம்பியிருக்காங்க கங்காணி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பங்குனிக்கு மூன்று வாரம்கூட இல்லை. இதைப் பதுளைக்குத் திருப்பி இழுத்துப்போனால் சிவகாமி தம்பியோடு போய்விடுவாள். போகாதே என்று சொல்ல என்னிடம் வேறு வழி எதுவும் இல்லை. அப்புஹாமி கொக்கியைக் குனிந்து பார்த்துவிட்டு, கழற்றி இங்கேயே விட்டுவிடலாமா என்று கேட்டார். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் சிவகாமி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆடுனப்போ நான் பின்னாடி இருந்தேன். பயந்துபோய் முன் ஜன்னலைப் பிடிக்க ஓடுனேன். நான் முன்னாடி வந்ததும் ஆட்டம் அடங்குச்சு. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன். காரணம்தான் தெரியவில்லை.

"பாரத்தை எதுக்குப் பின்னாடி தள்ளுனோம்? மாட்டுக்குக் கழுத்து வலிக்கும்னுதானே?" அவள் லொறியைக் கையால் தட்டினாள். "இதுக்கு எங்கங்க கழுத்து?"

அப்புஹாமி ஒரு கணம் யோசித்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினார். பின்னால் கனத்ததால் கொக்கிப் பக்கம் தூக்கி, லொறியின் பின் சக்கரங்களும் பிடியில்லாமல் வழுக்கின என்பதைக் கையாலேயே காட்டினார். இருபது வருஷமாகப் பெருமையோடு வைத்திருந்த என் பழக்கம், இல்லாத மாட்டின் மேல் பட்ட இரக்கம் என்று அந்தச் சாலையோரத்தில் புரிந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. காரணம் தெரிந்த தவறைத் திருத்திவிடலாம்.

மூன்று பேரும் கங்காணியுமாக அம்மியைத் தூக்கி முன் மூலையில், கொக்கிச் சட்டத்துக்கு நேர் மேலே வைத்தோம். அதன் மேல் அரிசி மூட்டை, பக்கத்தில் பீப்பாய். சிவகாமி இந்தமுறை முன் இருக்கையில் ஏறினாள். மீதி இருபத்து நான்கு முடக்கையும் நான் எண்ணினேன். ஒரு முடக்கில்கூட வீடு ஆடவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு மலையடித் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே அதைக் கழற்றி நிறுத்தினோம். அரைக்க வழியில்லாததால் அன்று ரசமும் அப்பளமும்தான். அப்புஹாமி இரண்டாம்முறை சோறு கேட்டார். ஆறு நாள் அங்கே குடியிருந்தோம். சிவகாமி கடையில் உட்கார்ந்தாள். பெண்கள் என்னிடம் வாங்காத துணியெல்லாம் அவளிடம் வாங்கினார்கள்.

பதுளைக்குத் திரும்பியதும் அவள் ஆற்றங்கரையில் தேடி, கைக்கு அடங்கிய ஒரு கல்லை எடுத்துவந்து, கல் கொத்துகிறவரிடம் குழவியாக்கினாள். பத்து நாள் சட்னியில் மணல் கடித்தது. பதினோராம் நாள் கடிக்கவில்லை. இரண்டையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

பங்குனி முதல் வாரம் அவள் தம்பி வந்தான். குழவி உருண்ட கதையைக் கடிதத்தில் படித்துவிட்டு, முசிறியிலிருந்து வேறு ஒரு குழவியைச் சுமந்து வந்திருந்தான். அக்காவை அழைத்துப்போக வந்தவன், எங்களோடு இரண்டு தோட்டம் சுற்றிவிட்டுத் தனியாகத் திரும்பினான். அவன் கொண்டுவந்த குழவியை அம்மியில் வைத்துப் பார்த்தோம். உட்காரவில்லை. அதற்குள் அந்த அம்மி, பதுளை ஆற்றுக் கல்லுக்குத் தக்கபடி தேய்ந்துவிட்டிருந்தது. இரண்டும் ஒரே மாவட்டத்துக் கல் என்பது அங்கே செல்லவில்லை. சிவகாமி அதைத் திருப்பி அனுப்பவும் இல்லை, வெளியே போடவும் இல்லை. தோட்டத்தில் நாள் ஆக ஆக அரிசி குறையும், பீப்பாய் காலியாகும், முன்பாரம் குறையும். அதற்கு ஈடாக அந்தக் குழவியைச் சாக்கில் சுற்றி, கொக்கிக்கு மேலே முன் மூலையில் கட்டி வைத்திருக்கிறாள்.

இப்போதும் மலைமுடிப் பீலியடியில் நிறுத்துகிறோம். அப்புஹாமி தண்ணீர் ஊற்றி முடித்து, ஏறுவதற்கு முன்னால் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்.

"நோனா, ஊர்க் கல் இருக்கா?"

சிவகாமி உள்ளே போய்ச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பாள். ஆற்றுக் கல்லில் காலையில் அரைத்த மல்லியின் மணம் அவள் கையில் இருக்கும்.

"இருக்கு," என்பாள். "இறங்கலாம்."