புரட்டாசில மீன் வச்ச சைனீஸ் அங்கிள்

கொதிக்கிற எண்ணெய மீன் மேல ஊத்தினா 'சொர்ர்ர்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க... கூடவே இஞ்சி, வெங்காயத்தாள் வாசனை. பெங்களூர் காக்ஸ் டவுன்ல எங்க தெருமுனைல அந்த வாசனை வந்தா லில்லி குடும்பம் சாப்பிட உக்காந்தாச்சுன்னு அர்த்தம்.

லில்லி என் கூட ஸ்கூல்ல படிச்சவ. சைனீஸ் குடும்பம். தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டாங்க. அவ அப்பா பொறந்தது, வளந்தது, கல்யாணம் பண்ணது, சின்னதா ஒரு ஹோட்டல் போட்டது எல்லாம் பெங்களூர்தான். "இன்னாமா ஸ்டெல்லா, வேலைக்கு போற... ஆளே கண்ல படல?"ன்னு கேப்பாரு. மூஞ்சிய பாக்காம கேட்டா எங்க சித்தப்பாதான்னு சத்தியமே பண்ணுவீங்க.

மெனுல என்ன? சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன், ஸ்வீட் கார்ன் சூப். அதுவும் ஒன் பை டூ. ஒரு சூப்ப ரெண்டு கப்ல ஊத்தி வாங்கறது பெங்களூர்க்காரங்க பொறப்புரிமை, அத விட்டுக் குடுக்க மாட்டோம்.

ஆனா மத்தியான கூட்டம் போனப்புறம், கிச்சன் பக்கத்து டேபிள்ல அவங்க சாப்பிடறது வேற. ஆவில வெந்த கொடுவா மீன், கடுகுக்கீரை போட்ட போர்க்... ஒண்ணு கூட மெனுல இருக்காது.

"இத ஏன் அங்கிள் விக்கக் கூடாது?"

"யாரு மா துன்னுவாங்க?"

எனக்கு அப்போ வேலை கெடச்ச புதுசு. ஃபோன்ல தேடி கண்டுபிடிக்கற காலம் இல்ல. நல்ல சைனீஸ் எங்க கெடைக்கும்னு லஞ்ச் டைம்ல இதே பேச்சு. எங்க டீம் லீட் கார்த்தி, சேலத்துக்காரரு, ஒரே ஒரு தடவ சிங்கப்பூர் ஆன்சைட் போயிட்டு வந்தாரு... அவ்ளோதான். எந்த ஹோட்டலுக்கு போனாலும் "இது ஒரிஜினல் சைனீஸ் இல்லப்பா"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. அட சாமி, ஒரிஜினல் எங்க தெருமுனைல பனியனோட உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரேன்னு எனக்கு வயித்தெரிச்சல்.

அந்த வருஷம் அங்கிள் கடைல ஈ ஓட்டிட்டிருந்தாங்க. பக்கத்துலயே ஏசி போட்ட பெரிய ஹோட்டல் ஒண்ணு வந்துடுச்சு. கனடால இருந்த லில்லி அண்ணன் தெனம் ஃபோன் பண்ணி, "கடைய மூடிட்டு கெளம்பி வாங்க"ன்னு ஒரே பிடி. கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கறேன்னு அங்கிள் சொல்லிட்டாரு. லில்லிக்கு போக இஷ்டமே இல்ல. எனக்கு அவள அனுப்ப இஷ்டமே இல்ல.

ரெண்டு பேரும் சேந்து ஒரு பிளான் போட்டோம். எங்க டீம் முழுக்க ஒரு நாள் லஞ்சுக்கு வரணும். அங்கிள் வீட்டு சாப்பாட்டப் போடணும். நாக்குல பட்டுட்டா அப்புறம் விடவே மாட்டாங்க, கடை தப்பிச்சிடும்.

அங்கிள் விடிகாலைலயே சிவாஜிநகர் மார்க்கெட் போயி, தானே பாத்துப் பாத்து மீன் வாங்கிட்டு வந்தாரு. இஸ்திரி போட்ட வெள்ளை சட்டை வேற. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசல்லயே நின்னாரு.

எல்லாரும் வந்து உக்காந்தாங்க. தலையோட முழு மீன் வந்துச்சு. போர்க் வந்துச்சு. மூடிய தொறந்தா ஆவி பறக்குது...

ஒரு கை கூட நீளல.

கார்த்தி என் பக்கம் குனிஞ்சு மெதுவா, "ஸ்டெல்லா... புரட்டாசி" அப்படின்னாரு.

போச்சு! டீம்ல முக்கால்வாசி சேலம், வேலூர், தர்மபுரி. பெருமாள் மாசம், முட்டை கூட தொட மாட்டாங்க. சைனீஸ்னா கோபி இல்லாமலா இருக்கும்னு நம்பி வந்திருக்காங்க. நான் சர்ச்சுக்குப் போறவ, அவ சைனீஸ்காரி... எங்க ரெண்டு பேருக்கும் அந்த மாசம் ஞாபகத்துக்கே வரல. கறிக்கடை எல்லாம் காத்து வாங்கிட்டிருந்தத பாத்தும் ஒறைக்கல!

லில்லி கண்ணு கலங்கிடுச்சு. அங்கிள் ஒரு நிமிஷம் அந்த மீனையே பாத்தாரு. அப்புறம், "அடடா, புரட்டாசியா! உக்காருங்கப்பா, உக்காருங்க"ன்னு தட்ட எடுத்துட்டு உள்ள போயிட்டாரு. கிச்சன்லேந்து சட்டி தேய்க்கற சத்தம். நடுவுல தலைய மட்டும் வெளிய நீட்டி, "சட்டி சுத்தமா கழுவியாச்சு தம்பி, எண்ணெயும் புதுசு. கவலையே படாதீங்க."

சில்லி கோபி, மஷ்ரூம் ரைஸ், பூண்டு போட்டு வதக்கின பீன்ஸ்... தட்டு வர வர காலி. சூப்? ஒன் பை டூதான், வேற என்ன.

அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை ஆனா எங்க ஆபீஸ் கூட்டம் அங்கதான். புரட்டாசி முடிஞ்சும் கோபிதான் கேட்டாங்க. கிறிஸ்மஸும் வந்துச்சு, போச்சு. "இப்ப வர முடியாதுப்பா, ஆபீஸ்காரங்க வர்றாங்க"ன்னு அங்கிள் கெத்தா ஃபோன்ல பேசினத நானே கேட்டேன்.

ஆனா அந்த புரட்டாசி லஞ்ச் அன்னிக்கு சாயந்திரம், ஆறிப்போன அந்த மீன எனக்கும் லில்லிக்கும்தான் பரிமாறினாரு. சிரிச்சுட்டேதான் இருந்தாரு. தான் மட்டும் ஒரு வாய் எடுக்கல. 

பல வருஷம் ஓடுச்சு. அப்புறம் அந்த பில்டிங்க வித்துட்டாங்க, லில்லி அம்மாவுக்கும் ஒடம்பு முடியல. குடும்பமே கனடா போயிடுச்சு.

இப்ப நடக்கற தூரத்துலயே கொரியன், ஜாப்பனீஸ், நிஜமான சைனீஸ் எல்லாம் வந்தாச்சு. என் பொண்ணு ஃபோன பாத்துட்டே, "மம்மி, இது ஆதென்டிக்"ன்னு கூட்டிட்டுப் போறா. நல்லாவே இருக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனா "ஆளே கண்ல படல"ன்னு கேக்க ஒருத்தரும் இல்ல.

போன வாரம் அந்த சைனீஸ் ஹோட்டல்ல எடுத்த போட்டோவ லில்லிக்கு அனுப்பினேன். உடனே வீடியோ கால். பக்கத்துல அங்கிள், ரொம்ப மெலிஞ்சுட்டாரு.

"உங்களுக்கென்ன அங்கிள், அங்க தெருவுக்குத் தெரு ஒரிஜினல் சைனீஸ்!"

"ஆமா மா, நல்லாதான் பண்றான். ஆனா உள்ள போனா என் மூஞ்சிய பாத்துட்டு அவன் பாஷைல கடகடன்னு பேசறான். எனக்கு பாதி புரியல. எந்த ஊருன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"காக்ஸ் டவுன்னு சொன்னேன்."