சேக்காட்டில் போட்ட பிளீச்

அன்று முகப்பேர் பியூட்டி பார்லர் வாசலில் நின்றது மூன்று பேர்: அம்மா, அக்கா, நான். அப்பா வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருக்குப் பகல் ஷிப்ட். வேலை இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டார். முந்தின நாள் நான் விலையை விசாரித்து வந்து சொன்னதுமே, "இன்னாது, மூஞ்சி கழுவ நூத்தி எம்பதா? அந்தக் காசுக்கு ஊட்டுக்கே வெள்ளையடிச்சிரலாம்டா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தேழு. பார்த்துவிட்டுப் போன நான்கு வரன்களும் ஒரே காரணத்தைச் சொல்லி அனுப்பினார்கள்: கலர் கம்மி. ஐந்தாவது வரன் ஐயப்பன்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "இதையும் உட்டா அப்பறம் ரெண்டாந்தாரமாத்தான் வரும்" என்று தரகர் அம்மாவிடம் வெளிப்படையாகவே சொன்னார். "ஒரு பேசியல், பிளீச்சு பண்ணி உக்கார வைம்மா."

நான் அப்போது பி.காம். இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் பலகையைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் விலை விசாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. சைக்கிளில் மூன்று கடைகளுக்குப் போனேன். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு கதவுக்கும் வெளியே நின்று, எதையோ திருட வந்தவன் போலக் கேட்டேன். அந்த மூன்றில் கையுறை போட்ட கைகளும் சுத்தமான துண்டுகளும் இருந்தது முகப்பேரில்தான். அதனால்தான் வியாழக்கிழமை அக்காவை அங்கே கூட்டிப்போனோம்.

அந்தப் பார்லர்காரம்மா அக்காவின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்த ஸ்கின்னுக்கு உடனே போட முடியாது. காதுக்குப் பின்னாடி கொஞ்சம் வெச்சுப் பாக்கணும். சனிக்கிழமை வாங்க, ஒண்ணும் ஆகலன்னா முகத்துக்குப் போடறேன். டெஸ்டுக்குத் தனியா இருபத்தஞ்சு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெரு ரேஷன் கடையில் இப்படித்தான் நடக்கும். சர்க்கரை வேண்டுமென்றால் யாரும் குடிக்காத டீத்தூள் பாக்கெட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். அந்த டீத்தூளை வேண்டாமென்று சொல்லிச் சண்டை போட்டுச் சர்க்கரை வாங்கி வருகிறவனுக்குத்தான் எங்கள் வீட்டில் மரியாதை. நான் பலமுறை அந்த மரியாதையை வாங்கியிருக்கிறேன். டெஸ்டும் அந்த டீத்தூள்தான் என்று நினைத்தேன். "வாம்மா, வேற எடம் பாக்கலாம்" என்று அவர்களைத் திருப்பி அழைத்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஆவடிப் பக்கம் சேக்காட்டில், ஒரு வீட்டு கேட்டில் பியூட்டி பார்லர் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். எல்லாம் சேர்த்து எழுபத்தைந்து என்றாள் அதை நடத்திய பெண்.

"டெஸ்டுன்னு ஏதோ சொல்றாங்களே?"

"வேணும்னா பண்றேன். ஆனா நாளைக்கு வரணும்."

"அது வேணாங்க. அதைக் கழிச்சு அறுபது போட்டுக்குங்க."

அவள் தோளைக் குலுக்கிச் சரி என்றாள். சாயங்காலம் கம்பெனி விட்டு வந்த அக்காவை அங்கே கூட்டிப்போய்விட்டு, நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். பதினைந்து ரூபாய் குறைத்த சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக அக்காவின் குரல் கேட்டது.

"எரியுதுங்க. ரொம்ப எரியுது."

"எரிஞ்சாத்தான் கலர் வரும்."

"டேய், இருக்கியாடா? எரியுதுடா."

"பொறுத்துக்கோக்கா, ரெண்டு நிமிஷம்" என்று தெருவிலிருந்து சொன்னவன் நான்தான்.

சனிக்கிழமை காலையில் இரண்டு கன்னமும் வீங்கி, நெற்றியோரம் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. அம்மா தயிர் தடவினாள், தேங்காயெண்ணெய் தடவினாள். வர வேண்டாமென்று சொல்லியனுப்பத் தரகரைத் தேடிப்போனேன். ஆள் ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். அக்கா பவுடர் பூசாமல், காபித் தட்டோடு வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னாம்மா, அம்மை போட்டுக்கீதா? சொல்லக்கூடாதா? சின்னப் பசங்க கீற ஊடு எங்களுது."

"அம்மை இல்லீங்க" என்றாள் அக்கா, தட்டைக் கீழே வைத்துவிட்டு. "நீங்க வர்றீங்கன்னு பண்ணிக்கினது."

மாப்பிள்ளை மட்டும் ஒரு வாய் காபி குடித்தார். அப்புறம் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். சொல்லியனுப்பவில்லை.

அம்பத்தூரில் தோல் டாக்டர் முதலில் கேட்டதே, "காதுக்குப் பின்னாடி போட்டுப் பாக்கலையா?" என்பதுதான். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தெரியாதுங்க சார்" என்றாள். புண் ஆறியது. இடது கன்னத்தில் கறுப்புத் திட்டு நின்றுவிட்டது. அது போகாது என்று இரண்டாம் தடவை போனபோது சொல்லிவிட்டார். அன்று பஸ்ஸில் அக்கா அம்மாவிடம், "இனிமே எவனையும் கூட்டிட்டு வராதீங்க" என்றாள். குரல்கூட உயரவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "படிச்சவன் பாத்துக்குவான்னு உட்டேன்" என்றார், சோற்றைப் பிசைந்தபடி. பிறகு, "மொத்தம் இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

சேக்காட்டில் கொடுத்த அறுபது, டாக்டருக்கு இரண்டு தடவைக்கு நூறு, மருந்து நூற்று நாற்பத்தைந்து, அந்த முகத்தோடு வெளியே போக முடியாமல் அக்கா இழந்த பன்னிரண்டு நாள் கூலி நானூற்று இருபது. கூட்டிச் சொன்னேன்: எழுநூற்று இருபத்தைந்து ரூபாய்.